குழந்தை உடலில் ஒருபக்க வேறுபாடு: பெற்றோரின் ஐயமும் அரசின் கடமையும்

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் தாய் அதன் உடலை அங்குலம் அங்குலமாக அறிந்தவள். ஒரு தொடையில் உள்ள மடிப்பு மற்றதில் இல்லை என்பதையோ, ஒரு கை மட்டும் எப்போதும் மூடியே இருக்கிறது என்பதையோ, தலை ஒரு பக்கமாகவே சாய்கிறது என்பதையோ மருத்துவர் காண்பதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே அவள் கண்டுவிடுகிறாள். கண்டதற்குக் காரணம் அவளுக்குத் தெரியாது. வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் சொல்கிறாள். தடுப்பூசி போட வரும் செவிலியரிடமும் சொல்கிறாள். அதன்பின் நடப்பது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை மருத்துவத் துறையின் ஒரு சிறு பிரச்சினை என்று ஒதுக்கிவிட இயலாது. நமது நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 2.3 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. உடலின் ஒரு பக்கத்தைப் பாதிக்கும் குறைகளில் பலவும் முதல் சில மாதங்களில் கண்டறியப்பட்டால் எளிய முறையில் திருத்தத்தக்கவை. ஓரிரு ஆண்டுகள் கழிந்தால் அறுவை சிகிச்சை இன்றித் திருத்த இயலாதவை. மேலும் காலம் கடந்தால் வாழ்நாள் முழுதும் நீடிப்பவை. ஆகவே, பெற்றோரின் ஐயம் எத்துணை விரைவாகப் பரிசோதனையாக மாறுகிறது என்பது நிர்வாகத் திறனைப் பொறுத்த கேள்வியாகும்.

ஒரு நேரடி அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் ஒரு மாவட்டத்தில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டபோது, அங்கன்வாடி மையம் ஒன்றில் இரண்டு வயதை நெருங்கும் ஒரு பெண் குழந்தையைக் காண நேர்ந்தது. குழந்தை நல்ல எடையுடன் இருந்தது. முகத்தில் ஊட்டக்குறையின் அடையாளம் ஏதுமில்லை. ஆனால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் இடப்பக்கம் சாய்ந்தது. விசாரித்தபோது தாயார் கூறியது இது: குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியிருந்த குளிர்காலத்தில், வெயிலில் கிடத்திக் கடுகெண்ணெய் தேய்த்தபோதே இடக் கால் வலக் காலைப் போல் அகன்று விரியவில்லை என்பதை அவர் கவனித்தார். நடக்கத் தொடங்கினால் சரியாகிவிடும் என்று மாமியார் சொன்னார். தடுப்பூசி நாளன்று செவிலியரிடம் கூறியபோது, குழந்தை இரு கால்களையும் உதைப்பதைப் பார்த்து, வாதம் ஒன்றுமில்லை என்று அவர் ஆறுதல் சொன்னார்.

குழந்தையின் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். இருபது மாதங்களுக்கும் எடை ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தது. தடுப்பூசிகள் யாவும் உரிய தேதியில் போடப்பட்டிருந்தன. காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “நான் சொன்னதைத் தவறு என்று யாரும் சொல்லவில்லை; சரி என்றும் சொல்லவில்லை; எழுதவும் இல்லை” என்றார் அந்தத் தாய்.

பின்னர் நடந்த பரிசோதனையில், இடப்பக்க இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு விலகியிருப்பது தெரிந்தது. சில மாத வயதில் வார்ப்பட்டைகளால் சரிசெய்திருக்கக் கூடிய குறைக்கு இரண்டு அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன. செங்கற்சூளையில் வேலை செய்துவந்த தந்தை அந்தப் பருவத்தின் கூலியை இழந்தார். இந்நிகழ்ச்சியில் ஒருவரையும் கடமை தவறியவர் என்று குற்றம் சாட்ட இயலாது. ஒவ்வொருவரும் தமக்கு இடப்பட்ட பணியைச் செய்திருந்தனர். தாயின் ஐயத்தைப் பெற்றுக்கொள்வது மட்டும் எவருடைய பணியாகவும் இருக்கவில்லை.

இளம்பிள்ளை வாதத்திற்குப் பின்

ஒரு கால் மெலிந்து குட்டையாகிவிட்டது என்றால், முந்தைய தலைமுறையினருக்கு அதன் காரணம் பெரும்பாலும் ஒன்றே: இளம்பிள்ளை வாதம். 2009-ஆம் ஆண்டில்கூட நம் நாட்டில் 741 குழந்தைகள் இந்நோயால் தாக்கப்பட்டனர். 1995-இல் தொடங்கிய தீவிரத் தடுப்பு மருந்து இயக்கத்தின் பயனாக, 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்தில் நோய் தாக்கிய குழந்தையே நாட்டின் கடைசி நோயாளி ஆயிற்று. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய மண்டலம் முழுவதும் இளம்பிள்ளை வாதம் அற்ற பகுதியாகச் சான்றளிக்கப்பட்டது.

இப்பெரும் வெற்றிக்கு இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது நன்மை. 1997-இல் உருவாக்கப்பட்ட கண்காணிப்பு முறையின்படி, 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் கை அல்லது கால் திடீரெனத் தளர்ந்து செயலிழந்தால், காரணம் எதுவாயினும், உடனே தெரிவிக்கப்பட வேண்டும். தளர்ச்சி தோன்றிய 14 நாள்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும். காரணம் தெரிந்த பின் பதிவு செய்வது என்னும் வழக்கத்தை மாற்றி, அறிகுறி கண்டவுடன் பதிவு செய்வது என்னும் விதியை இம்முறை நாடெங்கும் நிலைநாட்டியது. நோய் ஒழிந்த பின்னரும் இக்கண்காணிப்பு தொடர்கிறது.

இரண்டாவது விளைவு கவலைக்குரியது. வாதம் இல்லை என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இளம்பிள்ளை வாதம் மறைந்ததும், ஒரு கால் வேறுபடுவதற்கான பிற காரணங்கள் முன்னைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டும். நடைமுறையில் அவை இன்னும் பின்னணியிலேயே நிற்கின்றன.

இயல்பும் ஐயமும்

எந்த மனித உடலும் முற்றிலும் சமச்சீரானது அன்று. ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றே நீளமாக இருப்பதும், இரு கால்களின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான வேறுபாடு இருப்பதும் சாதாரணம். தொடை மடிப்புகள் இருபுறமும் ஒத்திராத குழந்தைகளில் பெரும்பாலோர் குறையற்றவர்களே. ஆதலின், ஒவ்வொரு வேறுபாட்டையும் நோயென்று அஞ்சுவது பெற்றோருக்கு வீண் துன்பத்தையும், மருத்துவமனைகளுக்கு வீண் சுமையையும் தரும். ஐயத்தை எடைபோடக் களப்பணியாளருக்கு நான்கு கேள்விகள் போதுமானவை.

முதற் கேள்வி: எப்போது முதல்? பிறவியிலேயே இருந்ததா, பின்னர் தோன்றியதா, திடீரெனத் தோன்றியதா? நேற்று வரை ஓடிய குழந்தை இன்று ஒரு காலை ஊன்ற மறுத்து, காய்ச்சலும் இருக்குமாயின், மூட்டில் சீழ் பிடித்திருக்கக்கூடும். அதற்கு அன்றைய தினமே மருத்துவமனை தேவை. ஒரு நாள் தாமதமும் மூட்டைக் கெடுத்துவிடும். புட்டத்தில் ஊசி போட்ட பிறகு அப்பக்கத்துக் கால் தளர்ந்தால், நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். கைக்குழந்தைகளுக்குத் தொடையின் முன்-வெளிப்பக்கத்தில் தடுப்பூசி போடுவதன் நோக்கங்களில் இந்த அபாயத்தைத் தவிர்ப்பதும் ஒன்று.

இரண்டாவது: வேறுபாடு கூடிக்கொண்டு போகிறதா? இதற்கு விடை காண ஒரே வழி அளந்து எழுதிவைப்பது. நினைவை நம்பி ஒப்பிடுவது பயன் தராது.

மூன்றாவது: செயல் குறைந்திருக்கிறதா? ஆறு மாதக் குழந்தை எப்பொருளையும் இடக் கையாலேயே எடுக்கிறது என்று பெருமையுடன் சொல்லும் பெற்றோரைக் காண்கிறோம். முதல் வயது நிறைவதற்குள் ஒரு கையை மட்டும் விரும்புவது இயல்பான பழக்கம் அன்று. மற்றக் கை இயங்கவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். உடலின் ஒரு பக்கத்தைப் பாதிக்கும் மூளை முடக்குவாதம் பல குழந்தைகளிடம் இவ்வாறே முதலில் வெளிப்படுகிறது.

நான்காவது: வேறு அடையாளம் உண்டா? வலி, காய்ச்சல், தோலில் நிறமாற்றம், முதுகுத்தண்டின் மீது குழி அல்லது மயிர்க்கற்றை, வயிற்றில் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மேல் பரிசோதனை கட்டாயமாகிறது.

இந்நான்கோடு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒருபக்க வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும்; இருபுறமும் ஒரே குறை இருந்தால் ஒப்பிட எதுவும் இராது. இரு இடுப்பு மூட்டுகளும் விலகிய குழந்தையின் கால்கள் சமநீளமாகவே தோன்றும். எனவே வேறுபாடு இல்லை என்பது குறை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

காலத்தின் மதிப்பு

பொருளியலில் காலத்திற்கு விலை உண்டு என்கிறோம். குழந்தையின் எலும்பு வளர்ச்சியில் இக்கருத்து கண்கூடாகப் புலப்படுகிறது. மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

கிளப்ஃபுட் எனப்படும் உள்வளைந்த பாதம் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. நமது பிறப்பு எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்தால், ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு பாதம் மட்டுமே வளைந்திருக்கும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் இக்னாசியோ போன்செட்டி வகுத்த முறையில், பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றுகிறார்கள். ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிறது. பெரும்பாலோருக்குக் குதிநாணில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படுகிறது. அதன்பின் இரு காலணிகளையும் ஒரு தண்டால் இணைத்த சாதனத்தை மூன்று மாதம் நாள் முழுவதும், பிறகு நான்கைந்து வயது வரை உறங்கும்போதும் அணிவிக்க வேண்டும். மாவும் பஞ்சும் பயிற்சி பெற்ற கைகளும் இதற்குப் போதும். தோல்விக்கு முக்கியக் காரணம் சாதனத்தை இடையில் நிறுத்திவிடுவதே. பாதம் நேராகிவிட்டதைக் கண்ட குடும்பம் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறது, வளைவு திரும்புகிறது.

இடுப்பு மூட்டு விலகல் பெண் குழந்தைகளிடமும், தலைச்சன் குழந்தைகளிடமும், கருவில் கால் கீழாக இருந்தவர்களிடமும் அதிகம். வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்திலேயே மிகுதி. ஆறு மாதத்திற்குள் கண்டறிந்தால், கால்களை மடக்கி அகற்றிவைக்கும் மென்மையான வார்ப்பட்டை பெரும்பாலோருக்குப் போதும். ஒன்றரை வயது வரை, மயக்க மருந்து கொடுத்து மூட்டைப் பொருத்தி, இடுப்பு முதல் கால் வரை மாவுக்கட்டுப் போட வேண்டியிருக்கும். அதற்கு மேல் மூட்டைத் திறக்கவும் எலும்பை வெட்டித் திருத்தவும் நேரிடுகிறது. ஒரே குறை, வயதுக்கேற்ப மூன்று வேறு சிகிச்சைகள். இங்கு நம் பழக்கங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையின் கால்களை நீட்டி இறுகத் துணியால் சுற்றுவது மூட்டுக்குக் கேடு. கால்களை அகற்றி இடுப்பில் தூக்கிச் செல்லும் வழக்கமோ மூட்டுக்கு உகந்தது.

கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருப்பதற்கு, அப்பக்கத் தசை இறுகியிருப்பதே பெரும்பாலும் காரணம். தலை எப்போதும் ஒரே பக்கம் கிடப்பதால் மண்டையின் பின்புறமும் தட்டையாகிறது. முதற்சில மாதங்களிலேயே இயன்முறைப் பயிற்சியைத் தொடங்கி, தாய்க்கும் அதைக் கற்பித்தால், பெரும்பாலோர் அறுவையின்றிக் குணமடைகின்றனர். பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்டுக் கை தளர்ந்த குழந்தைகளிலும் பலர் தாமாகவே தேறுகின்றனர். ஆனால் மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்காத குழந்தையைச் சிறப்பு மருத்துவர் பார்த்தாக வேண்டும். தானாகச் சரியாகிவிடும் என்ற மூத்தோர் சொல் பல வேளைகளில் உண்மையாவதால்தான் அதற்கு மதிப்பு. எந்தத் தேதி வரை காத்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதே அது பாதுகாப்பான அறிவுரையாகிறது.

காரணம் புலப்படாதபோது

இதுவரை கூறியவை பெயருள்ள குறைகள். பெற்றோரை மிகவும் வாட்டுவது பெயரற்ற வேறுபாடு. குழந்தையின் ஒரு கால் மற்றதைவிடச் சற்றே பருத்தோ நீண்டோ இருக்கிறது, எக்ஸ்ரேயில் குறையில்லை, நரம்பும் தசையும் நன்றாக உள்ளன. காரணம் தெரியவில்லை என்கிறார் மருத்துவர். குடும்பம் இதனை இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறது. கவலையில்லை என்று எண்ணி மறந்துவிடுவது ஒன்று. ஊர் ஊராக, மருத்துவர் மருத்துவராக அலைந்து கடன்படுவது மற்றொன்று. இரண்டும் தவறான பொருள்.

காரணம் தெரியாத வேறுபாட்டிற்கும் செய்ய வேண்டிய பணிகள் உண்டு. உடலின் ஒரு பக்கம் மிகையாக வளரும் குழந்தைகளில் ஒரு சிறு பகுதியினருக்கு, வில்ம்ஸ் கட்டி எனப்படும் சிறுநீரகப் புற்று உள்ளிட்ட வயிற்றுக் கட்டிகள் தோன்றும் வாய்ப்பு பிறரைவிட அதிகம். இதனால் அத்தகைய குழந்தைகளுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் செய்து, ஏழெட்டு வயது வரை கண்காணிக்குமாறு மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். பெரும்பாலோருக்குக் கட்டி தோன்றுவதே இல்லை. தோன்றும் சிலருக்கு, சிறிதாக இருக்கும்போதே காண்பது உயிரைக் காக்கிறது.

கால் நீளத்தைப் பொறுத்தவரை, வளர்ச்சி முடிவில் வேறுபாடு 2 சென்டிமீட்டர் வரை நிற்குமானால் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. காலணியில் ஒரு தடிப்பே போதும். 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை இருக்கும் எனத் தெரிந்தால், நீண்ட காலின் வளர்தட்டை உரிய வயதில் நிறுத்தி, குட்டையான கால் அதனை எட்டிப் பிடிக்கச் செய்யும் சிறிய அறுவை உண்டு. அதற்கும் மேற்பட்டால் எலும்பை நீட்டும் நெடிய சிகிச்சை. நடுவில் உள்ள அந்த எளிய வழி வளர்ச்சி முடிவதற்கு முன்னர்தான் பயன்படும். பெண்களுக்குக் கால் எலும்பின் வளர்ச்சி ஏறத்தாழ 14 வயதிலும், ஆண்களுக்கு 16 வயதிலும் நின்றுவிடுகிறது. எந்த வயதில் வளர்தட்டை நிறுத்துவது என்று கணக்கிட, ஆண்டுக்காண்டு எடுத்த அளவுகள் மருத்துவருக்கு வேண்டும். நான்கு வயதில் ஒரு செவிலியர் நாடாவால் அளந்து தேதியிட்டு எழுதிவைத்த எண், பன்னிரண்டு வயதில் ஒரு சிகிச்சையைத் தீர்மானிக்க உதவுகிறது. எழுதப்படாத அளவைப் பின்னர் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

சட்டமும் திட்டமும்

இப்பணிக்கான அமைப்புகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்களாகப் பெருகியுள்ளன. சுமார் 10 லட்சம் ஆஷா பணியாளர்கள் உள்ளனர். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை முதல் 42 நாள்களில் ஆறு முறையும், வீட்டில் பிறந்த குழந்தையை ஏழு முறையும் அவர்கள் சென்று காண வேண்டும். 2018-இல் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களிலும் வீடு தேடிச் செல்ல வேண்டும்.

2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் தேசிய சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோரிடம் பிறவிக் குறைகள், ஊட்டக் குறைகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நான்கு வகைகளைச் சேர்ந்த நிலைகளைக் கண்டறிய வகை செய்கிறது. ஆயுஷ் மருத்துவர் இருவர், செவிலியர் ஒருவர், மருந்தாளுநர் ஒருவர் கொண்ட நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் ஒருமுறையும் செல்ல வேண்டும். கண்டறியப்பட்டோர் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படுகின்றனர். உயர் சிகிச்சையும் இலவசம்.

சட்டத்தின் ஆணையும் தெளிவானது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அதன் 25-ஆவது பிரிவு, குறைபாடு ஏற்படும் வாய்ப்புள்ளவர்களை அடையாளம் காண எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்குமாறு அரசுகளையும் உள்ளாட்சி அமைப்புகளையும் பணிக்கிறது.

எனினும் மூன்று இடைவெளிகளைக் குறிப்பிடுவது அவசியம். முதலாவது, 2013-ஆம் ஆண்டின் பட்டியலில் கிளப்ஃபுட்டும் இடுப்பு மூட்டுக் குறையும் உண்டு. காரணமறியாக் கால்நீள வேறுபாட்டிற்கும் முதுகெலும்பின் பக்கவளைவிற்கும் தனி இடம் இல்லை. பட்டியலில் இல்லாதது படிவத்தில் வராது. படிவத்தில் வராதது கணக்கில் வராது. முதுகெலும்பு வளைவு வளரிளம் பருவத்தில், சிறப்பாகப் பெண்களிடம், விரைந்து கூடுவது. குழந்தையைக் குனியச் செய்து முதுகின் இருபுறமும் சம உயரமா என்று பார்க்க அரை நிமிடம் போதும். இன்றோ, பாவாடையின் விளிம்பு ஒரு பக்கம் ஏறி நிற்பதைக் கண்டு தையற்காரர் சொல்லித்தான் பல குடும்பங்கள் இதனை அறிகின்றன.

இரண்டாவது, பள்ளிப் பரிசோதனை அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் உரியது. கட்டணம் குறைந்த தனியார் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளும், படிப்பை விட்டவர்களும், பிழைப்புக்காகப் பெற்றோருடன் இடம்பெயர்வோரும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். மூன்றாவது, குழுவின் அடுத்த வருகைக்கு ஆறு மாதம் ஆகலாம். இடுப்பு மூட்டு விலகிய மூன்று மாதக் குழந்தைக்கு அந்த ஆறு மாதமே எளிய சிகிச்சைக்கும் பெரிய அறுவைக்கும் இடைப்பட்ட தூரமாகும்.

குடும்பத்தின் கணக்கு

சிகிச்சை இலவசம் என்பதால் குடும்பத்திற்குச் செலவில்லை என்று கருதுவது பிழை. கிளப்ஃபுட் குழந்தைக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு மாற்ற, மாவட்டத் தலைநகருக்கு ஆறு முறை செல்ல வேண்டும். தாய் செல்ல, துணைக்கு ஒருவர் செல்ல, பன்னிரண்டு நாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணம் தனி. வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும். நடவு அல்லது அறுவடைக் காலமாயின் இழப்பு மேலும் கூடும். குடும்பம் சிகிச்சையை நடுவில் விடும்போது அதனை அறியாமை என்று நாம் பதிவு செய்கிறோம். அது பல சமயம் கணக்கறிந்து எடுத்த முடிவேயாகும்.

இதற்கு எதிரே தாமதத்தின் செலவை வைத்துப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை, மருத்துவமனைத் தங்கல், பள்ளி இழப்பு, பின்னாளில் உடலுழைப்பில் குறையும் வருவாய், பெண் குழந்தையாயின் திருமணம் பற்றிய சமூகத்தின் கடுமை ஆகியவை அதில் அடங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இயக்கக் குறைபாடு உடையவர். நாற்பது விழுக்காடு குறைபாட்டிற்குச் சான்றிதழும் சலுகைகளும் தர அரசு உரிய ஏற்பாடு செய்துள்ளது, அது நியாயமே. ஆனால் மூன்று மாத வயதில் ஒரு பேருந்துக் கட்டணத்தைத் தராமல், பின்னர் முப்பது ஆண்டுக் காலம் உதவித்தொகை தருவது சிக்கனமாகாது.

செய்யத்தக்கவை

புதிய துறையோ பெரிய நிதியோ வேண்டாத சில நடவடிக்கைகளைப் பரிசீலிக்கலாம்.

1. தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் ‘பெற்றோரின் ஐயம்’ என்று ஒரு பகுதி இருத்தல் வேண்டும். பெற்றோர் கூறியது, கூறிய தேதி, கேட்டவர் பெயர், அடுத்துப் பார்க்கும் தேதி ஆகிய நான்கும் அதில் எழுதப்பட வேண்டும். ஐயம் சரியா தவறா என்று அப்பணியாளர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. எழுதுவதே அவர் கடமை.

2. திடீர்த் தளர்ச்சிக்குப் பின்பற்றும் விதியைப் போல, ஒருபக்க வேறுபாட்டிற்கும் கால வரம்பு வேண்டும். காய்ச்சலோடு கூடியதும் திடீரெனத் தோன்றியதும் அன்றே. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இடுப்பு, பாதம், கை ஆகியவற்றில் கண்டது இரு வாரத்திற்குள். ஏனையவை நடமாடும் குழுவின் அடுத்த வருகைக்குள் என வகுக்கலாம்.

3. காரணம் தெரியவில்லை என்ற முடிவோடு அனுப்பப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் அன்றைய அளவும் மறு அளவீட்டுத் தேதியும் எழுதித் தரப்பட வேண்டும்.

4. மாவுக்கட்டு, கால்சாதனம் ஆகிய சிகிச்சைகள் முடியும் வரை, துணைவருவோருக்கும் சேர்த்துப் பயணப்படி வழங்கப்பட வேண்டும். இடையில் வராத குடும்பத்தை ஆஷா பணியாளர் ஒரு வாரத்திற்குள் காண வேண்டும்.

5. மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில், பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கையோடு, ஐயம் எழுந்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்ட நாள்களும் கேட்கப்பட வேண்டும். எத்தனை குழந்தைகளைப் பார்த்தோம் என்பது உழைப்பின் அளவு. எத்தனை நாளில் சென்றடைந்தோம் என்பதே பயனின் அளவு.

முடிவுரை

நம் திட்டங்களில் பெற்றோர் பயன்பெறுவோராகவே இடம்பெறுகின்றனர். தகவல் தருவோராக அவர்களுக்கு இன்னும் இடம் அளிக்கப்படவில்லை. கோடிக்கணக்கான குழந்தைகளை நாள்தோறும் குளிப்பாட்டி, உடுத்தி, தூக்கிச் சுமக்கும் கைகள், எந்த நிதிநிலை அறிக்கையிலும் இடம்பெறாத ஒரு கண்காணிப்பு அமைப்பாகும். அவ்வமைப்பு தரும் தகவலில் தவறுகள் இருக்கும். பல ஐயங்கள் வீணானவையாகவும் முடியும். அவ்வாறு வீணானது என்று தெரிந்து திரும்பும் தாய்க்கும் நாம் ஒரு நன்மை செய்தவராகிறோம். அவள் கவலை தீர்ந்து வீடு செல்கிறாள்.

உத்தரப் பிரதேசத்து அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்குச் செல்கிறாள் என்றும், நீண்ட தூரம் நடந்தால் மட்டுமே சாய்வு தெரிகிறது என்றும் பின்னர் அறிந்தேன். அவள் தாயார் மூன்றாம் மாதத்தில் சொன்ன ஒரு சொல்லை எழுதிக்கொள்ள அன்று எவருக்கும் ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகியிராது. வளர்ச்சி நிர்வாகத்தில் ஈடுபட்டுள்ளோரும், நாளை ஈடுபட இருக்கும் மாணவர்களும், தம்மிடம் வரும் படிவங்களில் அந்த ஒரு நிமிடத்திற்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாக.